திவாலாவதற்குப் பன்னிரண்டாயிரம் குறைகிறது

திவாலாவது ஏதோ வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவது மாதிரி தானாக நடந்துவிடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் அத்தானைத் திவாலாக்க ஒரு மாதம் நாயாய் அலைந்தவன் நான். அனுபவத்தில் சொல்கிறேன், அதைவிடப் பணக்காரன் ஆவது சுலபம். பணக்காரன் ஆவதற்கு யாரும் விண்ணப்பப் படிவம் கேட்பதில்லை.

அத்தான் மோட்டார் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன ஃபேன், தண்ணீர் மோட்டார், மிக்ஸி எது வந்தாலும் பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். பத்துக்குப் பத்து கடை. அதற்குள் ஒரு காயில் சுற்றும் மெஷின். அந்த மெஷின்தான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அக்காவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்றபோது அதை ஈடு காட்டி ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார். அந்தக் கடனுக்குத் தவணை கட்ட அதே நிறுவனம் இரண்டாவது கடன் கொடுத்தது. இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. நல்ல மனசுக்காரர்கள், கேட்கும்போதெல்லாம் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்தில் வந்து நின்றது.

மூன்று தவணை பாக்கி விழுந்ததும் கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மாதக் கடைசி நாள் வேன் வருமாம், மெஷினைத் தூக்கிப் போவார்களாம். அத்தானுக்கு வேறு தொழில் தெரியாது. மெஷின் போனால் அந்த வீட்டில் அடுப்பு அணைந்தது என்று அர்த்தம்.

இதற்கு நடுவில் போன் வேறு. நிறுவனத்தின் வசூல்காரர் தினமும் காலை ஆறு மணிக்குக் கூப்பிடுவார். பிறகு ஏழு, எட்டு, எட்டரை. அக்கா அவருக்குக் 'காலைச் சங்கு' என்று பேர் வைத்திருந்தாள். சிரித்துக்கொண்டேதான் வைத்தாள், ஆனால் போன் அடித்தால் அதைத் தலையணைக்கு அடியில் திணித்துவிடுவாள்.

நான் பஸ் கண்டக்டர். என் வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு விளம்பரம் மூன்று வருஷமாக ஒட்டியிருந்தது: 'கடன் தொல்லையா? எளிய குடும்பங்களுக்குச் சட்டமே துணை. திவால் ஆணை பெறுங்கள், தொழில் கருவிகளைக் காத்துக்கொள்ளுங்கள், நிம்மதியாக உறங்குங்கள். எளியோர் கடன் விடுவிப்பு அலுவலகம்.' அதன் முன்னால் நின்று மூன்று வருஷம் டிக்கெட் கிழித்த எனக்கு நோட்டீஸ் வந்த அன்றுதான் அது கண்ணில் பட்டது.

அலுவலகம் மூன்றாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று பெயிண்டால் எழுதியிருந்தார்கள். பேப்பரில் எழுதி ஒட்டியிருந்தால் சரிசெய்வார்கள் என்று நம்பியிருக்கலாம். வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை, அதன் நெற்றியில் 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகை. அதைத் தாண்டித்தான் கடனாளிகள் எல்லோரும் உள்ளே போக வேண்டும்.

எழுத்தர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எங்களைப் பார்த்தார். "விண்ணப்பக் கட்டணம் நாலாயிரம்."

அத்தான் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். எழுத்தர் பாம்பைக் கண்டவர் மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஏது இந்தப் பணம்?"

"மச்சான் குடுத்தான் சார்."

"கடனாவா, சும்மாவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடனா வாங்கியிருந்தா, திவாலாகப் போறோம்னு தெரிஞ்சே புதுக் கடன் வாங்கியிருக்கீங்க. அது மோசடி. சும்மா குடுத்திருந்தா, உங்களுக்குக் கைகொடுக்க ஆள் இருக்கு. நீங்க எளியோர்ல வர மாட்டீங்க."

"அப்ப கட்டாம விட்டுட்டா?"

"கட்டணம் கட்டாதவர் விண்ணப்பதாரரே இல்ல. எட்டாம் விதி."

"கட்டினா?"

"கட்ட முடிஞ்சவர் திவாலானவர் இல்ல. ஏழாம் விதி." எழுத்தர் எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கினார். "பயப்படாதீங்க. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு. அந்த இடத்துல நிக்கிறவங்களுக்காகத்தான் அரசாங்கம் இந்த அலுவலகத்தையே நடத்துது."

எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. ஆனால் பஸ்ஸில் சில்லறைத் தகராறு பார்த்துப் பழகிய புத்தி வேலை செய்தது. "சார், எங்க வீட்டு ஃபேனை அத்தான் சரி பண்ணாரு. அதுக்குக் கூலி இது."

"கூலியா! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? உழைச்ச காசு, தாராளமா வாங்கலாம்." ரசீது கிழித்தார். படிவத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் முகம் சுருங்கியது. "மொத்தக் கடன் ரெண்டு எண்பத்தெட்டுதானா?"

"ஆமா சார்," என்றார் அத்தான், குற்றவாளி மாதிரி.

"குறைஞ்சது மூணு லட்சம் இருக்கணும். இன்னும் பன்னிரண்டாயிரம் குறையுதே."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இந்த அலுவலகத்தில் அளவுகோல் வைத்திருந்தார்கள்.

அப்போது பட்டுச் சட்டை போட்ட ஒருவர் உள்ளே வந்தார். ஆலை முதலாளியாம், நாற்பது கோடி கடனாம். எழுத்தர் எழுந்து நின்றார். நாற்காலி வந்தது, தேநீர் வந்தது, கையெழுத்துப் போட அவருக்குப் பேனாவின் மூடியைக்கூடத் திறந்து கொடுத்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்து அவர் கீழே போய்க் காரில் ஏறிவிட்டார். எழுத்தர் அவர் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தார். "என்ன மனுஷன்! நாற்பது கோடி! ஒரு பதற்றம் இருக்கா பாத்தீங்களா? நீங்க என்னடான்னா ரெண்டு எண்பத்தெட்டை வச்சுக்கிட்டு இப்படி வேர்க்கறீங்க. கடனைச் சேர்த்துக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா கடனைக் குறைக்கத்தானே பாடுபட்டோம். அன்னிக்கு வளையலை வித்து இருபதாயிரம் கட்டினது நம்ம புத்திகெட்டதனம்!"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். தவணை தவறினால் நாளுக்கு ஐந்நூறு அபராதம். பத்து நாளில் ஐயாயிரம் தானாக ஏறும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தபோது அக்கா ஓடிப் போய் எடுத்தாள்.

"வணக்கம் தம்பி. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். நேத்து அபராதம் போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

"ஐந்நூறுதானா? இன்னும் கொஞ்சம் கூடப் போட வழியிருக்கா? வேன் வாடகை, நோட்டீஸ் செலவு, அப்படி ஏதாவது? மறக்காம இன்னிக்கும் போட்டுடுங்க தம்பி."

"அம்மா," என்றார் காலைச் சங்கு, குரல் இறங்கி, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல? நீங்க ஏதும் தப்பான முடிவுக்குப் போயிடாதீங்க." அன்று ஏழு மணி, எட்டு மணி அழைப்புகள் வரவில்லை.

அந்தப் பத்து நாளுக்குள் கட்டாய வகுப்பு ஒன்று. சிக்கன வகுப்புக்குப் போகாதவர் திவாலாக முடியாது. இருபது கடனாளிகளை, கூடப் போன என்னையும் அக்காவையும் சேர்த்து, அலுவலகத்தின் ஓர் அறையில் அடைத்தார்கள். ஆலோசகர் வந்தார். பாலிஷ் போட்ட ஷூ, கையில் குளிர்ந்த பானம்.

"கடன்ங்கறது பணப் பிரச்சனையே இல்ல," என்று ஆரம்பித்தார். "அது ஒரு மனநிலை. என்னையே எடுத்துக்குங்க. மாசம் ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம் வந்துடுது. ஏன்? ஒழுக்கம்! நீங்களும் மாசாமாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்கற பழக்கத்தை வளர்த்துக்கணும். இப்ப எல்லாரும் நீங்க செஞ்ச ஆடம்பரச் செலவுகளை ஒரு பேப்பர்ல எழுதுங்க."

அத்தான் வெகுநேரம் யோசித்தார். பிறகு 'ஆஸ்பத்திரி' என்று எழுதினார்.

ஆலோசகர் அதை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "பாத்தீங்களா, எவ்வளவு தைரியமா ஒத்துக்கிட்டாரு! அடுத்த தடவை உடம்புக்கு முடியலைன்னா, இது தேவையா, ஆசையான்னு ஒரு நிமிஷம் உங்களையே கேட்டுப் பாருங்க."

நான் எழுந்து ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அத்தானுக்கு இதெல்லாம் காதில் விழவே இல்லை. அவர் பார்வை மேலேயே இருந்தது. கூரையில் ஃபேன் கர் கர் என்று அரைத்துக்கொண்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் மேசை மேல் ஏறிவிட்டார். "காயில் போயிடுச்சு சார். பேரிங்கும் தேய்ஞ்சிருக்கு. இதுக்குக் கீழ எப்படித்தான் உக்காந்திருக்கீங்க?"

ஆலோசகரின் கண்கள் விரிந்தன. "தெரியுமா உங்களுக்கு? இந்த மாடியில பதினாலு ஃபேன் இருக்கு, எல்லாமே இப்படித்தான். பண்ணிக் குடுங்க. பில் போடுங்க. அரசாங்கப் பணம், எங்க போயிடப் போகுது?"

நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். தொழில்காரனுக்கு வேலை என்றால் போதும், புத்தி மழுங்கிவிடும். பதினான்கு ஃபேனையும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். கம்பிக் கடையில் ஏழாயிரத்து ஐந்நூறுக்குச் செம்புக் கம்பியும் பேரிங்கும் கடனாக எடுத்தார். நாலு நாள் மெஷின் ஓய்வில்லாமல் சுற்றியது. ஒவ்வொன்றுக்கும் தொள்ளாயிரம் வீதம் பன்னிரண்டாயிரத்து அறுநூறுக்கு பில் எழுதிக் கொடுத்தார். எழுத்தர் அதை வாங்கி, முத்திரை குத்தி, ஒரு கோப்புக்குள் வைத்து, அந்தக் கோப்பை அலமாரிக்குள் வைத்து, அலமாரியைப் பூட்டினார்.

ஆனால் பாருங்கள், அந்தக் கம்பிக் கடையால் ஒரு நன்மை வந்தது. எண்பத்தெட்டோடு அபராதம் ஐயாயிரம், கம்பி ஏழாயிரத்து ஐந்நூறு. மொத்தம் மூன்று லட்சத்து ஐந்நூறு! அக்கா மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். "தேறிட்டோம்டா!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் ஆணையர் முன் விசாரணை. ஃபேன் பூப்போலச் சுழன்றது. ஆணையர் காற்று வாங்கிக்கொண்டு கோப்பைப் படித்தார், பக்கத்தில் எழுத்தரும் ஆலோசகரும். அத்தான் கைகட்டி நின்றார், அவருக்குப் பின்னால் நானும் அக்காவும்.

"கடன் மூணு லட்சத்து ஐந்நூறு. சரி. சொத்து ஏதும் உண்டா?"

"தொழில் மெஷின் ஒண்ணுதான் சார். சட்டப்படி அதைத் தொட முடியாதுன்னு விளம்பரத்துல போட்டிருந்தீங்க."

"அது சரி. வர வேண்டிய பணம்?"

எழுத்தர் கனைத்தார். "ஒண்ணு இருக்குங்க ஐயா. ஃபேன் பழுதுபார்த்த வகையில பன்னிரண்டாயிரத்து அறுநூறு. நம்ம அலுவலகம்தான் தரணும்."

ஆணையர் முகம் மலர்ந்தது. "அரசாங்கம் தர வேண்டிய பணமா? தங்கத்துக்குச் சமமாச்சே! அதைக் கழிச்சா?"

"ரெண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம்."

"இவர் முதல்ல நம்மகிட்ட வந்தப்ப எவ்வளவு?"

"ரெண்டு எண்பத்தெட்டு ஐயா."

ஆணையர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அப்ப நூறு குறைஞ்சிருக்கு! பதினோரு வருஷமா இந்த அலுவலகம் நடக்குது. இங்க வந்த பிறகு ஒரு குடும்பத்தோட கடன் குறைஞ்சது இதான் முதல் தடவை. வகுப்பு வேலை செய்யுது!" ஆலோசகர் தலைகுனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டார். "இது ஒரு வெற்றிக் கதை. எழுதுங்க: விண்ணப்பதாரர் முன்னேற்றப் பாதையில் இருப்பதால் திவால் மனு நிராகரிக்கப்படுகிறது."

கை தட்டினார்கள். அத்தானை நடுவில் நிறுத்திப் போட்டோ பிடித்தார்கள்.

"சார்," என்றார் அத்தான். "அப்ப அந்தப் பன்னிரண்டாயிரத்து அறுநூறையாவது குடுத்துடுங்க. மூணு தவணையைக் கட்டி மெஷினைக் காப்பாத்திக்கறேன்."

"தரலாம்தான். ஆனா ஃபேன் செலவு இந்த வருஷத் திட்டத்துல இல்லையே. கவலைப்படாதீங்க, அது உங்க சொத்து. யாரும் எடுத்துக்கிட்டுப் போக முடியாது."

படியிறங்கும்போது அத்தான் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தெட்டு வயது மனுஷன், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. அக்கா மட்டும் அழவில்லை. அந்த நிராகரிப்பு உத்தரவை வாங்கி ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் காலை வேன் வந்தது. காலைச் சங்கை அன்றுதான் நேரில் பார்த்தோம். ஒல்லியான ஆள், கக்கத்தில் ஒரு பை. பின்னால் மெஷினைத் தூக்க இரண்டு பேர். அத்தான் மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா உத்தரவை நீட்டினாள். "முதல்ல இதைப் படிங்க தம்பி."

படித்தார். புருவம் ஏறியது. "அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கா, நீங்க முன்னேற்றப் பாதையில இருக்கீங்கன்னு? அம்மா, இதை வச்சு உங்களுக்கு இன்னும் ரெண்டு லட்சம் கடன் தரலாமே!"

"உங்க கடனும் வேணாம், உங்க அக்கறையும் வேணாம்," என்றாள் அக்கா. "தங்கத்துக்குச் சமமான பணம் எங்களுக்கு வர வேண்டியிருக்குன்னு அதுல எழுதியிருக்கு. உங்க பாக்கியைவிடக் கூடவே இருக்கு. அந்த பில்லை நீங்களே எடுத்துக்குங்க. மெஷினை விட்டுட்டுப் போங்க."

காலைச் சங்கு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அரசு பில்லை ஈடாக வாங்கும் படிவம் அவர்களிடம் ஒன்று இருந்தது. பாலம் கட்டுகிற பெரிய ஒப்பந்தக்காரர்களுக்காக அச்சடித்தது. எங்களைப் போன்றவர்கள் கையில் அரசு பில் இருக்கும் என்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை, அதனால் எளியவர்களுக்கென்று தனிப் படிவம் போடவில்லை. அதிலேயே கையெழுத்து வாங்கினார். வேன் காலியாகத் திரும்பியது.

அன்று மத்தியானம் பஸ் டெர்மினலில் நின்றபோதுதான் எங்கள் பிரதியைப் படித்தேன். ஒன்பதாவது பத்தி: 'பில் வசூலாகும் நாள் வரை வாடிக்கையாளரிடம் தவணை, வட்டி, அபராதம் எதுவும் கோரக் கூடாது. தொலைபேசியில் தொந்தரவு செய்யக் கூடாது. ஈட்டுப் பொருளைத் தொடக் கூடாது.' பெரியவர்களுக்கு எழுதுகிறபோது எவ்வளவு மரியாதையாக எழுதுகிறார்கள்! விசில் ஊத மறந்து அதை இரண்டாம் தடவை படித்தேன்.

நாலு மாதம் போன் அடிக்கவில்லை. அத்தான் கம்பிக் கடைப் பாக்கியை அடைத்தார். அக்கா ஏழு மணி வரை தூங்கினாள், முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. காலைச் சங்குதான் பாவம், வாரத்துக்கு மூன்று நாள் அந்த மூன்றாவது மாடிக்கு ஏறி இறங்கி இன்னும் ஒல்லியாகிப் போனார். சில நாள் கடையில் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார். "அண்ணே, பில்லை வாங்க வந்தவர் பில்லுக்குரியவர் இல்லைங்கறான். பில்லுக்குரியவர் பில்லை வித்துட்டாருங்கறான். நான் யாரைப் போய்ப் பாக்க?"

"ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கும், தேடிப் பாருங்க," என்பார் அத்தான்.

ஒரு நாள் அவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அம்மா, நல்ல சேதி! மாநாட்டுல ஆணையர் உங்க வெற்றிக் கதையைப் பேசப் போறாராம். பில் பாக்கின்னு எவனாவது கேட்டா மானம் போயிடும்னு, வர்ற வாரமே பாஸ் பண்ணச் சொல்லிட்டாரு!"

வீட்டில் இழவு விழுந்தது போல ஆயிற்று. பில் பாஸானால் மூன்று தவணை தீரும். மீதிக் கடன் மொத்தமும் மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்துவிடும். அக்கா அப்படியே எழுத்தரிடம் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

"சார், எங்க பில்லைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க முடியுமா?"

எழுத்தர் கண்ணாடியை இறக்கினார். "பணம் வேணாம்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன். நிறுத்தி வைக்கத் தனி மனு போடணும். மனு மேல முடிவு வர்ற வரைக்கும் பில் நகராது. ஆனா ஒண்ணு, முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் வந்து அவசரப்படுத்தக் கூடாது. ஆள் பத்தாது. குறைஞ்சது ரெண்டு வருஷம் ஆகும்."

"ரெண்டு வருஷமா?"

"கூடவும் ஆகலாம்."

அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். "நீங்க நல்லா இருக்கணும் சார். உங்க குடும்பம், குழந்தைகுட்டி எல்லாரும் நல்லா இருக்கணும். எங்க வயித்துல பாலை வார்த்தீங்க."

எழுத்தர் முகம் கடுகடுத்தது. இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் அப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதே இல்லை.

"இந்தாம்மா," என்றார், "திட்டறதா இருந்தா புகார்ப் பெட்டி கீழ இருக்கு. அதுல எழுதிப் போட்டுட்டுப் போங்க."